புது வேடர்ஸ், புது ஃப்ளை ரொட்: ஆற்றில் இறங்கும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கனடாவில் இருக்கும் மாமா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். உள்ளே நெஞ்சு வரை வரும் வேடர்ஸ் (ஆற்றில் நின்று மீன் பிடிக்கப் போடும், தண்ணீர் புகாத காற்சட்டை), அதற்குத் தனிச் சப்பாத்து, ஒன்பது அடி ஃப்ளை ரொட் (பூச்சிபோல் கட்டிய கொக்கியை வீசும் தூண்டில் தடி), ரீல், பெட்டியில்லாமல் சும்மா சுற்றி வைத்த ஒரு லைன், அதாவது தூண்டில் நூல். நீங்கள் இருப்பது அக்கரப்பத்தனைப் பக்கம். வேடர்ஸ் ஒழுகுமா என்று எப்படிப் பார்ப்பது, நம்ம மலைக்கு இது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: எதை முதலில் பார்ப்பது? வரிசை மாறினால் நட்டம். அளவு பிழைத்தால் மாமா கடையில் மாற்றிக் கேட்கலாம், ஆனால் பெரும்பாலான கடைகள் விலை அட்டை கழற்றாத, நனையாத, மண் படாத பொருளைத்தான் திருப்பி எடுக்கும். அதனால் தண்ணீர் கடைசியில்தான். இன்னொன்று, புதிதாக வேடர்ஸ் கிடைத்தவர்கள் எல்லோரும் பயப்படுவது ஒழுகலுக்கு. ஆளை ஆற்றில் மாட்டிவிடுவது பெரும்பாலும் சப்பாத்தின் அடியும் இடுப்புப் பட்டியும்தான். பாதி நேரத்தை அவற்றுக்குக் கொடுங்கள்.

முதலில் துணி எந்த வகை என்று பாருங்கள். கையில் எடுத்தால் மழைக்கோட்டுத் துணிபோல் மெல்லிசாக, உள்ளே தையல்மேல் நாடா ஒட்டியிருந்தால் அது காற்றோட்ட வகை. முழுக்க ரப்பர்போல் தடிப்பாக, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் நியோப்ரீன். மெல்லிசு வகையிலும் பாதம் மட்டும் நியோப்ரீனில் இருக்கும். மேஸ்போல் அதைப் போட்டு, அதற்கு மேல்தான் சப்பாத்து. நீங்கள் சப்பாத்து தனியாக வந்தது என்று எழுதியதால் இது மேஸ்போல் பாதம் உள்ள வகையாகத்தான் இருக்க வேண்டும். முழு நியோப்ரீன் என்றால் நுவரெலியாவில் தை மாத விடியற்காலையைத் தவிர வேறு எப்போதும் அது உங்களை அவித்துவிடும்.

அளவு பார்ப்பதை வீட்டுக்குள் பாய் விரித்து அதன்மேல் செய்யுங்கள். சீமெந்துத் தரையில் நியோப்ரீன் பாதத்தோடு நடந்தால் அன்றைக்கே தேய ஆரம்பிக்கும். கால் நகத்தை வெட்டிவிட்டு, பொக்கற்றில் உள்ள சாவியை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போடப் போகும் காற்சட்டை, தடித்த மேஸ் எல்லாவற்றோடும் ஏறுங்கள். தோள்பட்டியைச் சரிசெய்து, ஒரு கதிரைமேல் காலைத் தூக்கி வையுங்கள். பிறகு முழுதாகக் குந்துங்கள். தொடை இடுக்கில் இழுத்தால் அளவு சிறியது. அந்தத் தையல்தான் முதலில் விடும். முழங்காலுக்குப் பின்னால் பெரிய மடிப்பு விழுந்தால் அளவு பெரியது. நடக்க நடக்க அந்த மடிப்பு உரசி, அந்த இடத்திலேயே ஓட்டை வரும். பாதத்தில் விரல் நுனியில் நியோப்ரீன் மடிந்து கிடக்கக் கூடாது. மடிந்தால் சப்பாத்துக்குள் ஒரு மணித்தியாலத்தில் விரல் மரத்துவிடும்.

சப்பாத்தை வேடர்ஸ் பாதத்தோடு போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். வெறுங்காலுக்குப் பொருந்தும் சப்பாத்து இதற்குப் பொருந்தாது. பலருக்கு வழக்கமான அளவைவிட ஒன்று கூடத் தேவைப்படும். ஆனால் சில கம்பெனிகள் நியோப்ரீனுக்கான இடத்தை இலக்கத்திலேயே சேர்த்துவிடுவதால், இலக்கத்தை நம்பாமல் விரலை ஆட்டிப் பாருங்கள். நாடாவை இறுக்கிய பிறகும் ஐந்து விரலும் அசைய வேண்டும், குதி மேலே எழும்பக் கூடாது. மாமா புதிதாக வாங்காமல் தன்னுடைய பழையதை அனுப்பியிருந்தால் இன்னொரு சோதனை உண்டு. சப்பாத்தை இரண்டு கையாலும் வளைத்து, அடிப்பாகமும் மேற்பாகமும் சேரும் விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். நடு அடுக்கு பொலியூரிதேனாக இருந்தால், ஈரக்காற்று பட்டே அது வருடக் கணக்கில் உள்ளுக்குள் சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், நகம் பட்டால் பொருபொருவென்று உதிரும். அப்படிப்பட்ட அடி ஆற்று நடுவில் கழன்று வரும். பெட்டிக்குள் பாவிக்காமலே கிடந்த சப்பாத்துக்கும் இது நடக்கும்.

சப்பாத்தின் அடிப்பாகம் கம்பளி அட்டையா (ஃபெல்ட்), ரப்பரா என்பதில் அனுபவசாலிகள் ஒத்துப்போவதில்லை. நான் சொல்வதை ஒரு பக்கத்துக் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். பாசி பிடித்த வழவழப்பான பாறையில் கம்பளி அட்டை நன்றாகப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்முடைய ஆறுகளுக்குப் போகும் பாதை செம்மண் சரிவும் ஈரப் புல்லும்தான். அங்கே அது சவர்க்காரம் தேய்த்த மாதிரி வழுக்கும். நனைந்தால் காயவும் மாட்டாது. ஒரு ஓடையின் பாசியையும் கிருமியையும் அடுத்த ஓடைக்குச் சுமந்து போகும். அதனால்தான் நியூசிலாந்து 2008இல் அதைத் தடைசெய்தது. தேயிலை மலை வழியாக இறங்கிப் போகிறவருக்கு, உலோக ஆணி பதித்த ரப்பர் அடியைத்தான் நான் சொல்வேன். ஆணியில்லாத வெறும் ரப்பர் பாசிப் பாறையில் ஆபத்து. ஆணிச் சப்பாத்தையும் வேடர்ஸையும் ஒரே பையில் அடைக்காதீர்கள், ஆணி துணியைக் குத்தும்.

இனி ஒழுகல். புதுப் பொருளில் உற்பத்திப் பிழை இருந்தால் அது பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும்: தொடை இடுக்கில் தையல்கள் சந்திக்கும் புள்ளி, துணியும் நியோப்ரீன் பாதமும் சேரும் வளையம், பாதத்தின் அடித் தையல். நனைக்காமல் பார்க்கக்கூடியது கண்ணால்தான். வேடர்ஸை உள்வெளியாகப் புரட்டி, நல்ல வெளிச்சத்தில் நாடாவின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எங்காவது நாடா எழும்பியோ, அடியில் காற்றுக் குமிழோ இருந்தால் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்புங்கள், அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். இருட்டறையில் உள்ளே டோர்ச் விட்டுப் பார்க்கும் வழியும் சொல்வார்கள். ஓட்டை தெரிந்தால் உறுதி. தெரியாவிட்டால் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை.

நாடா சரியாக இருந்தால், அளவும் பிடித்திருந்தால், அட்டையைக் கழற்றலாம். இப்போது காற்றுச் சோதனை. நெஞ்சுப் பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு வந்தால் காற்று கால்களுக்குள் அடைபடும். ஒருவர் சுருட்டைப் பிடித்து அழுத்த, மற்றவர் சவர்க்காரத் தண்ணீரை மெல்லிய பிரஷால் தையல்களில் பூச வேண்டும். குமிழ் தொடர்ந்து ஒரே இடத்தில் வந்தால் அதுதான் ஓட்டை. பேனையால் வட்டம் போடுங்கள். ஊசிமுனை ஓட்டைக்கு வேறு வழி: உள்வெளியாகப் புரட்டி, பார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் அற்ககோலை ஸ்ப்ரே போத்தலில் ஊற்றி உள்பக்கத்தில் அடித்தால், ஓட்டை உள்ள இடம் கறுத்த புள்ளியாகத் தெரியும். இது எல்லாத் துணியிலும் தெளிவாகத் தெரியாது, நியோப்ரீனில் பயனில்லை. அற்ககோல் என்பதால் அடுப்புள்ள காம்பராவில் வேண்டாம். கால்களுக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். ஒரு கால் நிறைய 30 லீற்றர் பிடித்தால் 30 கிலோ பாரம். இல்லாத ஒழுகலை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

கடைசிச் சோதனை உடம்பில் போட்டுக்கொண்டு. உள்ளே சாம்பல் நிறப் பருத்திக் காற்சட்டை போடுங்கள், ஈரம் பட்ட இடம் கறுப்பாகத் தெரியும். ஓட்டமில்லாத தண்ணீரில், இடுப்பளவுக்குக் குறைவாக, இருபது முப்பது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். பீலியடியில் நிற்பது மேல்தையலுக்குப் போதும், கால் தையலுக்குத் தண்ணீரின் அமுக்கம் வேண்டும். வெளியே வந்து வேடர்ஸைக் கழற்றியதும் பாருங்கள். ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரே இடத்தில் ஈரம், அதிலிருந்து கீழே ஒரு கோடு என்றால் ஒழுகல். தொடை, முழங்கால், முதுகு எங்கும் ஒரே சீராக ஈரக்கசிவு என்றால் அது உங்கள் வியர்வை. புதிதாகப் போடுகிறவர்கள் ஒழுகுகிறது என்று முறையிடுவதில் கணிசமான பங்கு இந்த வியர்வைதான்.

ஏன் அப்படி வியர்க்கிறது என்பது நம்ம மலைக்கு முக்கியம். காற்றோட்டத் துணி என்றால் காற்று போய்வரும் துணி என்று நினைக்க வேண்டாம். உள்ளே உள்ள ஈரப்பதம் வெளியே உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் ஆவி வெளியே போகும். கனடாவின் வறண்ட குளிர்காற்றில் அது நன்றாக வேலை செய்யும். நுவரெலியா, அக்கரப்பத்தனை மூடுபனியில் வெளிக்காற்றே நனைந்து கிடக்கிறது, ஆவி போக இடமில்லை. சரிவில் ஒரு மைல் ஏறி இறங்கினால் துணி சரியாக இருந்தும் நனைவீர்கள். அதனால் வேடர்ஸை இடுப்புவரை சுருட்டிக் கட்டி நடந்து போய், ஆற்றடியில் மேலே இழுங்கள். இன்னும் நல்லது, பையில் சுமந்து போய் அங்கே போடுவது. கவ்வாத்து வெட்டிய மலை வழியாகப் போகவேண்டியிருந்தால் கட்டாயம் பையில்தான். வெட்டிய தேயிலைக் குச்சி முழங்கால் உயரத்தில் ஈட்டிபோல் நிற்கும். அந்த ஒரு நூறு யார் நடை, ஒரு வருட ஆற்றுப் பாவனையைவிட அதிகம் குத்தும்.

தேவைதானா என்றால்: நீங்கள் இருக்கும் மலை உயரத்தில் மார்கழி, தை, மாசி காலைகளுக்கு ஆம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை, மாசியில் தேயிலையில் பனி உறையும் இடம். இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கும் ஆளுக்கு உடம்புச் சூடு வேகமாக இறங்கும். கித்துல்கலைப் பக்கம் கீழே இறங்கினால் வேடர்ஸ் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் காயும் காற்சட்டை, நியோப்ரீன் மேஸ், இதே சப்பாத்து போதும். நடுவில் உள்ள உயரங்களில் அது உங்கள் உடம்பைப் பொறுத்தது. குளிரைத் தவிர இரண்டு லாபம் உண்டு. காட்டோர ஓடைகளில் அட்டை கடிக்காது, கணுக்காலில் உள்ள மறைப்புத்துணியின் கொக்கியைச் சப்பாத்து நாடாவில் மாட்டியிருந்தால். மற்றது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள கீறல் வழியாகக் கிருமியை ஏற்றும், இலங்கையில் அது புதிதல்ல. வேடர்ஸ் அதைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. காலில் புண் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். போய்வந்து காய்ச்சல், கெண்டைக்கால் வலி வந்தால் ஆற்றில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓட்டை கண்டால், உத்தரவாதம் இல்லாத பட்சத்தில், யூரிதேன் பசைதான் சரியான மருந்து. துணி நன்றாகக் காய்ந்த பிறகு, ஓட்டையைச் சுற்றி ஒரு குற்றி அளவுக்கு மெல்லிசாகப் பூசி ஒரு இரவு விடுங்கள். சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூஷன் நியோப்ரீன் பாதத்தில் ஓரளவு நிற்கும், நைலோன் துணியில் நம்ப முடியாது. காயவைக்கும்போது முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம், பாதம் மேலே இருக்கும்படி தொங்கவிட்டு. அடுப்புக்கு மேலே புகையில் போட்டால் நாடாவின் பசை இளகும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால், மூடுபனிக் காலத்தில் சில நாளிலேயே பூஞ்சணம் ஏறும்.

முதன்முதலில் ஓடும் தண்ணீரில் இறங்கும் நாளில் மீனை மறந்துவிடுங்கள். பட்டி இல்லாமல் இறங்கக் கூடாது. இடுப்பெலும்புக்கு மேலே, இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுக்கத்தில் கட்டுங்கள். வேடர்ஸில் காற்று நின்று தலைகீழாகக் கவிழ்த்துவிடும் என்று ஒரு பழைய பயம் உண்டு. அது பொய் என்று காட்ட அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் வேடர்ஸோடு பாலத்திலிருந்து குதித்தே காட்டினார். உள்ளே புகுந்த தண்ணீர் ஆற்றுக்குள் இருக்கும்வரை உங்களைக் கீழே இழுக்காது, ஆற்றுத் தண்ணீருக்கும் அதற்கும் பாரம் ஒன்றுதானே. ஆனால் நீரோட்டம் அந்தப் பையைப் பிடித்துத் தள்ளும், கரை ஏறும்போது முழுப் பாரமும் தெரியும். பட்டி செய்வது தண்ணீர் புகுவதைத் தாமதப்படுத்துவது. தப்பித்தவறி விழுந்தால் எழும்ப முயலாமல் மல்லாந்து, காலை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, கைகளால் கரைப்பக்கம் துழாவுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் தவழ்ந்து ஏறுங்கள். இதை ஓட்டமில்லாத, நெஞ்சளவு ஆழமுள்ள இடத்தில், கரையில் கயிறோடு ஒருவரை நிறுத்தி, ஒருமுறை செய்து பார்ப்பது நல்ல சோதனை. நீந்தத் தெரியாவிட்டால் முழங்காலுக்கு மேல் போகவே வேண்டாம். ஓட்டம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மேலே நோஞ்சானாகத் தெரியும் ஓடை மழை பெய்ததும் ஏமாற்றுவது அதனால்தான்.

மழை நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்ய வேண்டியதுமில்லை. தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினால், காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால், உடனே கரை ஏறுங்கள். காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களுக்குக் கீழே உள்ள ஆற்றில் வேடர்ஸ் சோதிக்கக் கூடாது. வான்கதவு திறந்தால் ஓடுவதற்கு இந்த உடுப்பு ஏற்றதல்ல. பங்குனி, சித்திரையில் பின்னேர இடியும் கவனம். கார்பன் ரொட் மின்சாரத்தைக் கடத்தும். லயத்துக் கம்பிகளுக்குக் கீழே வீசிப் பழகக் கூடாது என்பதற்கும் அதே காரணம்.

அனுமதியைப் பற்றியும் ஒரு வரி. நம்ம மலை ஓடைகளில் ஃப்ளை ரொட்டால் பிடிக்கும் ட்ரவுட், 1880களில் தோட்டத் துரைமார் கொண்டுவந்து விட்ட மீன். இப்போது இங்கே தானாகப் பெருகுவது ரெயின்போ வகை. அது இருக்கும் ஓடைகள் பலவும் தோட்டத்துக்கோ, ஒரு திணைக்களத்துக்கோ உட்பட்டவை. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். மற்ற இடங்களில் தோட்ட அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துண்டுகளைப் பொருத்தும்போது லைன் ஓடும் வளையங்கள் கால்வட்டம் விலகி இருக்கும்படி நுழைத்து, அழுத்திக்கொண்டே திருப்பி நேராக்குங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்த இணைப்பில்தான் ரொட் உடையும். கைப்பிடிக்கு மேலே, எந்தப் பாரமுள்ள லைன் பொருந்தும் என்று காட்டும் ஒரு இலக்கம் எழுதியிருக்கும், பெரும்பாலும் 5. பெட்டியில்லாத லைன் அதற்குப் பொருந்துமா என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல், அதற்கு நகைக்கடைத் தராசு போதும். நுனியில் உள்ள ஒரே பருமனான சிறு பகுதியை விட்டு, அங்கிருந்து 30 அடி, அதாவது 9.14 மீற்றர் அளந்து அடையாளம் வையுங்கள். அவ்வளவை மட்டும் சுருட்டித் தட்டில் வைத்தால், 5ஆம் இலக்க லைன் ஏறக்குறைய 9.1 கிராம் காட்டும். 4 என்றால் 7.8, அதாவது கிட்டத்தட்ட ஒரு பவுன். 6 என்றால் 10.4. இப்போது வரும் சில லைன்களை வேண்டுமென்றே அரை இலக்கம் பாரமாகச் செய்கிறார்கள், அதனால் 9.7 காட்டினால் அதையும் 5 என்று வைத்துக்கொள்ளலாம். லைன் மேற்பூச்சில் நகத்தால் கீறினால் வெடிப்புத் தெரிகிறதா என்றும் பாருங்கள். டீட் கலந்த நுளம்பு மருந்து பூசிய கையால் அதைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக் பூச்சு கரையும்.

வீசிப் பழகப் பிரட்டுக்களத்தைவிடப் புல் மைதானம் நல்லது. சீமெந்தும் தாரும் லைனை அரம்போல் அராவும். கொக்கிக்குப் பதில் சிவப்பு நூல் துண்டு கட்டி, தொப்பியும் கண்ணாடியும் போட்டு, ஆறேழு மீற்றர் லைனோடு ஆரம்பியுங்கள். நம்ம ஓடைகளில் முதுகுக்குப் பின்னால் தேயிலையோ, காடோதான் இருக்கும். அதனால் பின்னால் வீசாத ரோல் காஸ்ட்தான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும். அது புல்லில் சரிவராது, லைனைப் பிடித்து இழுக்கத் தண்ணீர் வேண்டும்; அதற்கு ரொட்டைக் குறை சொல்லாதீர்கள். ரொட்டில் உள்ள இலக்கத்தையும் தராசு காட்டிய கிராமையும் இங்கே எழுதுங்கள், லைனுக்கும் கொக்கிக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் எவ்வளவு நீளம், நுனி எத்தனை பருமன் என்று பார்த்துச் சொல்கிறேன்.